எவர்சில்வரில் ஒரு காக்கிக் கோடு

இருதயசெல்வி அந்த டிபன் கேரியரை முதன்முதலில் வரைந்தது இஞ்சு டேப்பை வைத்துத்தான். உயரம் பதினொன்றரை, சுற்றளவு பதினேழு, வாய் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே அதையும் எழுதினாள். பிறகு அளவு பிசகாமல் தாளில் ஏற்றினாள். மூன்று அடுக்கும் ஒரே அகலம். மேலே மூடி, வட்டம் என்றால் வட்டமாக, ரூபாய் நாணயம் மாதிரி நின்றது. இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பெண்களின் தோளையும் இடுப்பையும் அளந்து தைக்கிற கை. அளவில் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது என்ற தெம்போடு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஓவிய வகுப்பு. சொல்லித்தருகிற சகாய பிரியாவுக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். படிக்க வருகிறவர்கள் எல்லாம் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் வாண்டுகள். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்த ஒரே மாணவி இருதயசெல்விதான். சகாய பிரியா தாளை விரித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இது டிபன் கேரியர் இல்ல. டிபன் கேரியருக்கு நீங்க வெட்டுன ஜாக்கெட்டு."

வாண்டுகளும் சேர்ந்து சிரித்தன.

"அளவு எல்லாம் கரெக்டா இருக்குது மிஸ். வேணும்னா அளந்து பாருங்க."

"அளவு கரெக்டுதான். ஆனா எதிர்ல வெச்சிப் பாத்தா மூடி வட்டமாவா தெரியுது? நீட்டா, முட்டையாட்டம் இல்ல தெரியுது? வட்டம்னு உங்களுக்குத் தெரியும். அதனால வட்டமாப் போட்டுட்டீங்க. மனசுல இருக்கறத வரையாதீங்க ஆன்ட்டி. கண்ணு முன்னால இருக்கறத வரைங்க."

அன்றைக்குத்தான் ஓவியக்காரர்களின் அளவுமுறையை அவள் கற்றுக்கொண்டாள். கையை நேராக நீட்ட வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது. பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரஷ் நுனியைக் கேரியரின் தலையிலும் கட்டை விரலை அதன் அடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எதிரே இரண்டு பிரஷ் தெரியும். எதை நம்புவது?

வீடு ஒலக்கூர் போகிற சாலையில், திண்டிவனத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. புருஷன் ஞானராஜ் அரசு பஸ் டிரைவர். திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று நாளுக்கு நாலு நடை. இருபத்தாறு வருட சர்வீசில் ஒரு கோழிக்குஞ்சு கூட அவர் டயரில் மாட்டியதில்லை. விபத்தில்லா ஓட்டுநர் என்று கொடுத்த சான்றிதழ் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. மாலை என்னவோ ஆண்டவருக்குத்தான்; ஆனால் அது தினமும் சான்றிதழ் மேலும் படுகிற மாதிரிதான் ஞானராஜ் மாட்டியிருந்தார்.

பெயின்ட் பெட்டி வாங்கி அனுப்பியது மகன் ஸ்டீபன்ராஜ். ஓசூரில் கம்பெனி வேலை. "ஸ்கூல்ல நல்லா வரைவேன், அப்பறம் எங்க வரையறதுன்னு சொல்லிக்கினே இருப்பியே மம்மி" என்று போனில் சொன்னான். அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருப்பாள். அவன் அதை ஞாபகம் வைத்திருந்ததில் இரண்டு நாள் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஆயில் பெயின்டா? ஜன்னல் கம்பிக்கு அடிப்பாங்களே, அதுவா?" என்று கேட்டார் ஞானராஜ். டர்பன்டைன் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, "டெப்போ வாசன வருது. பரவால்ல, ஊட்டுலயே டூட்டி பாக்கற மாதிரி இருக்கும்" என்றார்.

ஜன்னலோரம் துணி தேய்க்கிற மேஜையில் அவள் பொருள்களை வைத்தாள். நடுவில் டிபன் கேரியர். அதற்கு இடது பக்கம் ஓர் எலுமிச்சம்பழம். வலது பக்கம், பக்கத்துக் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி, காயும் மண்ணுமாக. மாசி மாதம், எங்கே பார்த்தாலும் மல்லாட்டை பிடுங்குகிற காலம். செடி முதல் நாள் பச்சை, மறுநாள் வாடல், மூன்றாம் நாள் சருகு. அசையாப் பொருள் என்று பெயர்தான். அதிலே எது சும்மா இருந்தது? செடியை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

கேரியர் பாடு வேறு. டூட்டி நாளில் அது ஞானராஜோடு விழுப்புரம் போய்விடும். ஆஃப் நாளில்தான் மேஜைக்கு வரும். ஆயில் பெயின்ட் ஜல்தியில் காயாத சரக்கு என்பதால் அது ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது. போன வாரம் விட்ட இடத்தில் இந்த வாரம் தொடரலாம். பொருள் இடம் மாறக் கூடாது என்று சகாய பிரியா சொல்லியிருந்ததால், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கேரியரைச் சுற்றி மேஜையில் ஒரு வட்டம் போட்டுவைத்தாள். எலுமிச்சைக்கு ஒரு குட்டி வட்டம்.

ஞானராஜுக்கு அந்த வட்டம் பிடித்துப்போயிற்று. அவர் அப்படிப்பட்ட ஆள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நாலு விரல் இடைவெளியில் வண்டியைச் செருகுவார். சாவி, சீப்பு, ஜெபமாலை எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். டூட்டி முடிந்து வந்தால் கேரியரைத் தானே கழுவி, "இந்தா, டெப்போல உட்டாச்சி" என்று வட்டத்தில் வைப்பார்.

ஆனால் வட்டத்தில் அது உட்காரவில்லை. இரண்டு விரற்கடை இந்தப் பக்கமே நின்றது. முதல் தடவை இருதயசெல்வி திட்டினாள். இரண்டாம் தடவையும் திட்டினாள். மூன்றாம் தடவை அவளே நகர்த்தி வைத்துக்கொண்டாள். அந்த வாரத்திலேயே அவர் டம்ளரில் டீயை ஊற்றும்போது முதல் பொட்டு மேஜையில் விழுந்தது. வயசாகிறது, கை நடுங்குகிறது போல என்று துணியால் துடைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் கூடை நிறைய கிடந்தன.

கேரியரில் இன்னொரு தொல்லை வந்தது. அதன் வயிற்றில் மேலிருந்து கீழாகப் பழுப்பாக ஒரு கோடு. கறை என்று நினைத்துச் சபீனா போட்டுத் தேய்த்தாள். கொல்லையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. மேஜையில் வைத்தால் மறுபடி கோடு. போனில் படமெடுத்துக் கொண்டுபோய் வகுப்பில் காட்டினாள்.

"மூணு தடவ தேச்சிட்டேன் மிஸ். போவ மாட்டேங்குது."

சகாய பிரியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆன்ட்டி, மேஜைக்கு எதிர்ல செவுத்துல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. ஆணி. எங்க ஊட்டுக்காரரு காக்கிச் சட்ட மாட்டியிருக்கும்."

"அதான் இது. எவர்சில்வருக்குன்னு சொந்தமா ஒரு கலரு கெடையாது. பக்கத்துல இருக்கறத எல்லாம் வாங்கிக் காட்டும். மஞ்சளா ஒரு பொட்டு தெரியுது பாருங்க, அது எலுமிச்சங்கா. இந்த நீலம் நீங்க போட்டிருக்கற நைட்டி. அது எல்லாத்தையும் போட்டாத்தான் எவர்சில்வரு வரும். வெறும் சாம்பக் கலரு அடிச்சா அது சிமெண்டுத் தொட்டி."

இருதயசெல்விக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாளைக்கென்று தேய்த்த சட்டையை ஆஃப் நாளில்தான் அவர் அந்த ஆணியில் மாட்டுவார். டூட்டிக்குப் போனால் ஆணி காலி. புருஷன் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் கேரியரில் வருகிற கோட்டையா கறை என்று தேய்த்தேன் என்று பஸ்ஸில் வரும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த ஆஃப் வியாழக்கிழமை வந்தது. காலையில் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும். பதினொரு மணிக்கு மல்லாட்டை வேகவைத்துக் கொடுத்தாள். ஞானராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து உரித்துத் தின்றபடி அவள் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியானதும் கை தன்னால் மேஜைக்குப் போய்ச் செடியில் இருந்த காயைப் பறித்தது.

"ஐயோ, அத ஏங்க பிச்சீங்க? நான் இப்பதான வரைஞ்சிக்கினு இருக்கறேன்!"

"ஒரு காயி. அதுக்கா இந்தப் பேஜாரு?"

"உங்க பஸ்ஸுல ஒரு டயர நான் கழட்டிக்கினு போனா சும்மா இருப்பீங்களா?"

"ஸ்டெப்னி இருக்குது, மாட்டிக்கினு போவேன்." அவர் சிரித்தார். "அது இன்னா, துப்பாக்கி புடிக்கிற மாதிரி பிரஷ்ஷ நீட்டி நீட்டிப் பாக்கற?"

"அளவு. நீங்களும் பாருங்களேன். கைய நேரா நீட்டுங்க. ஒத்தக் கண்ண மூடுங்க."

அவர் பிரஷ்ஷை வாங்கி, வலது கண்ணை மூடிக்கொண்டு, கேரியர் எலுமிச்சம்பழத்தைப் போல ஆறு மடங்கு என்று டக்கென்று சொன்னார். சரியான கணக்கு. டிரைவர் கண்ணாயிற்றே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னொரு வேடிக்க கீது. ஒரு வெரல மூஞ்சிக்கு நேரா நிறுத்தி, கண்ண மாத்தி மாத்தி மூடுங்க. எலுமிச்சங்கா இந்தாண்டயும் அந்தாண்டயும் குதிக்கும்."

ஞானராஜ் விரலை நிறுத்தினார். வலது கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி வலது கண்ணையே மூடினார்.

"குதிச்சிது" என்றார்.

"எங்க குதிச்சிது? எடது கண்ண நீங்க மூடவே இல்லியே."

"மூடனேன். குதிச்சிதுன்னு சொல்றேன் இல்ல? சின்னப் புள்ளயாட்டம் இன்னாடி வெளையாட்டு இது!" பிரஷ்ஷை மேஜையில் போட்டார்.

மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் இல்லை அவர். அவள் மேஜையைப் பார்த்தாள். வட்டத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிற கேரியர். மேஜையில் விழுந்த டீ. போன மாதம் பனியில் எதிரே வந்த கரும்பு டிராக்டர் அவர் பஸ்ஸின் வலதுபக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. டிராக்டர்காரன் குடித்திருந்தான் என்று அவர் சொல்லியிருந்தார். மூன்றையும் அவள் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் இருந்தாள். ஆனால் ஞானராஜ் என்றால் பிசகாத மனுஷன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததையே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போது அவர் போன் அடித்தது. கண்டக்டர் புகழேந்தி. நாளைக்கு முதல் நடை நேரம் மாறியதைச் சொல்லக் கூப்பிட்டிருந்தான். ஞானராஜ் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். இருதயசெல்வி எழுந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள். கதவோரம் போய் நின்றாள். அவர் போனைப் பார்த்தபடி உள்ளே நுழைந்ததும், பின்னாலிருந்து இன்னொரு கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

"இன்னா செல்வி இது?"

"நில்லுங்க. மேஜையப் பாருங்க. எலுமிச்சங்கா எங்க கீது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு இலகுவாகச் சொன்னார். "கேரியருக்கு எடது பக்கம். மஞ்சளா, ஜம்முனு கீது. போதுமா?"

அவள் கையை எடுத்தாள். அவர் மேஜையைப் பார்த்தார். குட்டி வட்டம் காலியாக இருந்தது. அவள் பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கைச்சூட்டில் அது வெதுவெதுப்பாகியிருந்தது.

ஞானராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"பொங்கலுக்கு முன்னால இருந்து."

"ஒண்ணுமே தெரியலியா?"

"வெளிச்சம் தெரியுது. ஆளு நெழலாட்டம் தெரியுது. பால் கவரு வழியாப் பாக்கற மாதிரி." அவர் நிமிர்ந்தார். "ஆனா இந்தக் கண்ணு நல்லா கீது செல்வி. சத்தியமா. அந்த ரோடு எனுக்கு மனப்பாடம். எங்க பள்ளம், எங்க ஸ்பீடு பிரேக்கரு, கூட்டேரிப்பட்டுல எந்தச் சந்துலருந்து மாடு வரும், எல்லாம் தெரியும்."

"எலுமிச்சங்கா கூடத்தான் அங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் உள்ளங்கையில் இருந்த பழத்தைப் பார்த்தார்.

"புரையா இருக்கும். ஆபரேஷன் பண்ணா சரியாப் போவுது. எத்தினி பேரு பண்ணிக்கினு வர்றாங்க" என்றாள் அவள்.

"பண்ணிக்கலாம். பண்ணிக்கினு வந்தா ஸ்டியரிங்கக் குடுப்பாங்களா? பைல்ல ஒரு தடவ கண்ணுன்னு எழுதனா அவ்ளோதான். எங்க டெப்போல விருத்தாசலம்னு ஒருத்தன் இருந்தான், தெரியும் இல்ல? காக்கிச் சட்டைய ஊட்டுலயே வெச்சிட்டு, வெள்ளச் சட்டையில வந்து மேனேஜரு ரூமு வாசல்ல கண்ணு டாக்டரு பேப்பரோட நின்னான். அவன் மூஞ்சப் பாக்க முடியல. இப்ப கேட்டுல உக்காந்துக்கினு வர்ற வண்டி போற வண்டி நம்பர எழுதறான். என் வண்டிய வேற ஒருத்தன் எடுத்துக்கினு போறத நான் கேட்டுல உக்காந்து நோட்டுல எழுதணுமா?"

இருதயசெல்விக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தலையைக் கோதிவிட வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்திலேயே பயமும் இருந்தது. காலை முதல் நடையில் கூடையோடு ஏறும் பூக்காரிகளும், காலேஜ் பெண்களும், ஜன்னலோரம் தூங்கி வழிகிற பிள்ளைகளும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள்.

"சரி. நாளைக்கி நீங்க வண்டி எடுங்க" என்றாள். "நானும் ஏறுவேன். டிரைவருக்குப் பின்னால மொத சீட்டு. தெனம் ஏறுவேன். நாலு நடையும் வருவேன்."

"மெரட்டறியா?"

"இல்லிங்க. அத்தினி பேரு உங்கள நம்பி ஏறறாங்க. அவங்களுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியும். தெரிஞ்ச நான் ஊட்டுல உக்காந்து ஜாக்கெட்டு தெச்சிக்கினு இருக்க முடியுமா?"

அவர் எழுந்தார். பழத்தை மேஜையில் வைக்கப் போனார். வட்டத்துக்கு இந்தப் பக்கம் வைத்தார். அவள் நகர்த்தவில்லை.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் மறுநாள் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார். மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. விடிந்தும் பனி விலகவில்லை. தெருக்கோடிப் புளியமரம்கூடத் தெரியவில்லை. சமையலறையில் நின்ற இருதயசெல்விக்குக் கேரியரில் சாப்பாடு கட்டுவதா வேண்டாமா என்று புரியவில்லை. கட்டினால் போய்வா என்று சொன்ன மாதிரி. கட்டாவிட்டால் பட்டினி போட்ட மாதிரி. கழுவித் துடைத்து, வெறுமனே அடுப்பு மேடையில் வைத்தாள். அவர் குளிக்கிற சத்தம் கேட்டது. கைப்பையில் பஸ்ஸுக்குச் சில்லறை போட்டு மேஜையடியில் வைத்துவிட்டு, தவக்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போனாள். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

வாசலில் அவர் டெப்போவுக்குப் போகும் மோட்டார் பைக் இல்லை.

ஏழு மணிக்கு வண்டி. இப்போது ஷேர் ஆட்டோ பிடித்தால்கூட ஸ்டாண்டில் ஏறிவிடலாம். பையை எடுக்க ஜன்னலோரம் ஓடினாள். மேஜையில் கேரியர் இருந்தது.

அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனதை அவர் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். சாக்கட்டி வட்டத்துக்குள் அச்சாக உட்கார்ந்திருந்தது, ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. வட்டத்தின் ஓரம் முழுக்க விரல் பட்டுச் சாக்கட்டித் தூள் கலைந்திருந்தது. கண்ணை நம்பாமல் தடவித் தடவி வைத்திருக்கிறார். எலுமிச்சம்பழமும் தன் குட்டி வட்டத்துக்குப் போயிருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தாள். காலி. சண்டை போட்ட நாளில் சோறு எடுக்காமல் போகிறவர்தான் அவர். அதில் புதிதாக ஒன்றுமில்லை. கோபத்தோடு வண்டி எடுக்கப் போயிருக்கிறார், அதுவும் இந்தப் பனியில். அவளுக்குக் கண் கலங்கியது. மூடியைப் போட்டுவிட்டுக் கைப்பையை எடுக்கக் குனிந்தாள்.

குனிந்த இடத்தில் கேரியரின் வயிறு அவள் முகத்துக்கு நேராக வந்தது. இடது ஓரத்தில் எலுமிச்சையின் மஞ்சள் பொட்டு. நடுவே அவள் சேலையின் சிவப்பு. அதற்கு அந்தப் பக்கம், மேலிருந்து கீழாக, பழுப்பாக ஒரு கோடு.

டூட்டி நாளில் வராத கோடு. அவள் முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கூடப் பார்த்தாள். அது போகவில்லை.

பிறகு மெல்லத் திரும்பினாள். எதிர்ச் சுவரில் ஆணியில், கத்தி மடிப்பு கலையாமல், காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த அவருடைய வெள்ளைச் சட்டையைக் காணோம்.